முற்றத்துச் செயற்கைப் புல்லும் பொந்தியான் மண்ணும்



முற்றம் என்பது நம் மக்களுக்கு வழிவழியாக வந்த சொத்து. தோட்டத்து லயத்து வீட்டில்கூட வாசலைப் பெருக்கி, நீர் தெளித்து, கோலமிட ஓர் இடம் இருந்தது. ஓரத்தில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, இரண்டு வாழை நின்றன. தோட்டத்தை விட்டு வீடமைப்புப் பகுதிக்கு வந்ததும் முற்றம் சுருங்கியது. இன்று புல் வெட்ட ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் மழைக்காலத்தில் அடிக்கடி கூலி கொடுக்க வேண்டியுள்ளது.

"வெட்டவும் வேண்டாம், தண்ணீர் ஊற்றவும் வேண்டாம்" என்று செயற்கைப் புல் விளம்பரம் வருவது இந்த நேரத்தில்தான். கோல்ப் பழகியவர் என்றால் ஒரு மூலையில் 'பட்டிங் கிரீன்', அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டிப் பழகும் தளம் ஒன்றையும் அமைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை பிறக்கிறது. அந்த ஆசையில் தவறில்லை. 72 அடி கணக்குள்ள ஒரு திடலில், குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் இந்த உருட்டலுக்கே ஒதுக்கப்பட்டவை. பாதி ஆட்டத்தை வீட்டு வாசலிலேயே பழகலாம்.

பொந்தியானில் இதைப் போடலாமா? போடலாம். ஆனால் புல்லைத் தேர்ந்தெடுக்கும் முன் மண்ணைப் பார்க்க வேண்டும்.

புல் வளராத இடத்துக்கு வந்த புல்

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965இல் கூரை மூடிய பெரிய விளையாட்டரங்கம் ஒன்று திறக்கப்பட்டது. கண்ணாடி போன்ற கூரை வழியே வந்த வெளிச்சம் ஆட்டக்காரர்களின் கண்ணைக் கூசச் செய்ததால் கூரைக்குச் சாயம் பூசினார்கள். வெயில் குறைந்தது, உள்ளே இருந்த புல் செத்தது. 1966இல் அங்கே பிளாஸ்டிக் புல் விரிக்கப்பட்டது. 'ஆஸ்ட்ரோ டர்ப்' என்ற பெயர் உலகுக்குப் பழகியது அப்போதுதான்.

ஹாக்கி ரசிகர்களுக்கு இந்த மாற்றம் இன்னும் நினைவிருக்கும். 1975இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டி இயற்கைப் புல்லில் ஆடப்பட்டது. இந்தியா வென்றது, மலேசியா நான்காம் இடம் பெற்றது. அடுத்த ஆண்டே மொண்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைத் தளத்துக்கு மாறியது. இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கியது. இன்று அந்த ஆட்டத்தைச் செயற்கைத் தளம் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது. 2023 ஆகஸ்டில் சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் இந்தியா 4-3 என மலேசியாவை வென்ற ஆசியச் சாம்பியன் கிண்ண இறுதியாட்டமும் அத்தகைய தளத்தில்தான் நடந்தது. அத்தகைய ஹாக்கித் தளங்களில் ஆட்டத்துக்கு முன் தண்ணீர் பீய்ச்சி நனைப்பதை நேயர்கள் தொலைக்காட்சியில் பார்த்திருக்கலாம். ஆக, செயற்கைப் புல்லுக்கும் தண்ணீர்ச் செலவு உண்டு.

புல் வளர வழியில்லாத இடத்துக்குப் பிறந்தது இந்தப் பொருள். பொந்தியானின் குறையோ நேர்மாறானது. இங்கே புல் வேண்டாம் என்றாலும் வளர்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெப்ப நாடுகளின் கோல்ப் திடல்களில் குழியைச் சுற்றிப் பட்டுப்போல் இருக்கும் புல், பெரும்பாலும் நம் பிள்ளையாருக்குச் சாற்றும் அருகம்புல்லிலிருந்து ஒட்டுச் சேர்த்து உருவாக்கப்பட்ட வகையே. ஆனால் அதை நாள்தோறும் சில மில்லிமீட்டர் உயரத்தில் வெட்ட வேண்டும். வீட்டில் அது நடக்காது. அதனால், பந்து உருட்ட மட்டும் செயற்கைத் தளம் என்றால் அதற்கு நியாயம் உண்டு.

ஆழம் தெரியாமல் காலை விடாதே

பொந்தியான் வட்டாரத்தின் பல பகுதிகளில் இருப்பது 'தானா காம்புட்' என்று மலாயில் சொல்லப்படும் கரிய சதுப்பு மண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் ஊறி, முழுதும் மக்காமல் கிடக்கும் இலைதழையும் வேரும் மரமும் சேர்ந்தது அது. பெக்கான் நானாஸ் அன்னாசிக்குப் பெயர் பெற்றது இந்த மண்ணால்தான்.

இம்மண்ணில் வடிகால் வெட்டி நீரை இறக்கினால் அது சுருங்கும். காற்றுப் பட்டதும் மக்கிக் கரையும். மேற்கு ஜொகூரில் எடுக்கப்பட்ட அளவுகள், முதல் சில ஆண்டுகளின் வேகமான இறக்கத்துக்குப் பிறகும் நிலம் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் தாழ்வதைக் காட்டின. பத்து ஆண்டில் அது ஒரு சாண் ஆகிவிடும். சாய்ந்து நிற்கும் தென்னையும் செம்பனையும் அதற்குச் சாட்சி.

செயற்கைப் புல் போடும் வழக்கமான முறை இதுதான்: மேல்மண்ணை எடுத்துவிட்டு, ஜல்லிக்கல் கொட்டி, இயந்திரத்தால் இறுக்கி, அதன்மேல் கல்தூள் பரப்பி, நீர் வடியச் சற்றே சாய்வு கொடுத்து, புல்விரிப்பை ஒட்டி ஓரங்களில் ஆணி அடிப்பது. கெட்டியான மண்ணுக்கு இது போதும். சதுப்பு மண்ணிலோ கல்லின் பாரமே நிலத்தை அமுக்கும். பள்ளம் விழுந்தது என்று மேலும் கல் கொட்டினால் மேலும் அமுங்கும். அமுக்கமும் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்காது. ஓர் அங்குல மேடு பள்ளம் வந்தாலும் பந்து தன் வழியே போகும். பிறகு பயிற்சித் தளம் இருந்தும் பயனில்லை.

வீடு ஆழமான தூண்களின் மேல் நிற்கிறது. முற்றமோ மண்ணோடு சேர்ந்து இறங்குகிறது. விரிப்பை வீட்டுச் சிமெண்டுத் தரையோடு ஒட்டிவிட்டால் நாளடைவில் அது கிழியும், அல்லது ஓரத்தில் தூக்கி நின்று முதியவர்களின் காலைத் தடுக்கும்.

வெயிலும் நெருப்பும்

உயிருள்ள புல் தன் ஈரத்தை ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கால் அது முடியாது. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2002இல் நடந்த சோதனையில், செயற்கைத் திடலின் மேற்பரப்பு தார்ச்சாலையைவிடச் சூடாக இருந்தது. தண்ணீர் பீய்ச்சியதும் 79 பாகையிலிருந்து 29 பாகை செல்சியசுக்கு இறங்கிய வெப்பம், இருபது நிமிடத்தில் மீண்டும் 73 பாகையைத் தொட்டது. வெறுங்காலோடு ஓடும் குழந்தைக்கும் வீட்டு நாய்க்கும் நண்பகலில் அது விளையாடும் இடமல்ல.

நம் பண்டிகைகளையும் மறந்துவிடக்கூடாது. பொங்கல் பானையும், தீபாவளி மத்தாப்பும், கற்பூரமும் முற்றத்தில் இடம்பெறுபவை. ஒரு தீப்பொறி விழுந்தாலே பிளாஸ்டிக் உருகி ஓட்டையாகிவிடும். வீடு முழுவதும் விரித்துவிட்டால் பொங்கல் அடுப்புக்கு இடம் எங்கே?

குழிக்குள் கொசு

கோல்ப் குழியின் அகலம் 108 மில்லிமீட்டர். 1891 முதல் நிலைத்த அளவு அது. ஆழமும் ஏறக்குறைய அவ்வளவே. மழை பெய்தால் அது ஒரு குவளை. அடியில் நீர் வடியாவிட்டால் ஏடிஸ் கொசுவுக்கு அதுவே தொட்டில்; முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். காய்ந்த குழியில் ஒட்டியிருக்கும் முட்டைகளும் பல மாதம் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். டிங்கிக் காய்ச்சல் அடுத்த வீட்டையும் தேடிப்போகும். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வீட்டுக்காரர் தண்டத்துக்கும் ஆளாவார். நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் இடங்களில் குழியின் அடியில் துளை போட்டாலும் நீர் வடியாது. எனவே விளையாடாத நேரத்தில் குழிக்கு இறுக்கமான மூடி வேண்டும். வாரம் ஒருமுறை குழியைத் துடைக்கவும் வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலில், மழைக்காலத்தில் முற்றத்தில் ஓரடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டுங்கள். மறுநாள் காலை வரை நீர் நின்றால், அங்கே கல் தளம் அமைக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள்.

இரண்டாவது, முற்றம் முழுவதும் வேண்டாம். நிழல் விழும் பக்கத்தில் ஒரு சிறு துண்டு போதும். மற்ற இடம் மழைநீரைக் குடிக்கும் மண்ணாகவே இருக்கட்டும். அங்கே வாழையும் கறிவேப்பிலையும் நிற்கட்டும்.

மூன்றாவது, கழற்றி எடுத்துச் சமன்படுத்தி மீண்டும் விரிக்கக்கூடிய வகையில் போடச் சொல்லுங்கள். மண்ணுக்கும் கல்லுக்கும் இடையே நீர் வடியும் துணிவிரிப்பு கட்டாயம். கல் தளம் மெல்லியதாக இருக்கட்டும். வீட்டுச் சுவரோடு ஒட்ட வேண்டாம்.

நான்காவது, புல்லிடையே நிரப்ப மணலைக் கேளுங்கள். பழைய டயரை அரைத்த ரப்பர்த் தூள் வேண்டாம். அத்தகைய தூள் மழையில் அடித்துக்கொண்டு கால்வாய்க்கும் கடலுக்கும் போகிறது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டமியற்றி, 2031 முதல் அதன் விற்பனையைத் தடுக்க முடிவெடுத்தது. குக்கூப் கடலோரத்தில் மீனை நம்பி வாழும் வட்டாரத்துக்கு இது சின்ன விஷயமல்ல.

ஐந்தாவது, மண் அமுங்கினால் யார் வந்து சரிசெய்வது என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புல்லின் நிறத்துக்குப் பத்தாண்டு உத்தரவாதம் தருகிறவர், அதன் அடியில் உள்ள தளத்துக்கு எத்தனை ஆண்டு தருகிறார் என்று கேளுங்கள். வேலை தெரிந்தவரா இல்லையா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

விரித்த புல் சில ஆண்டுகளில் பழசாகும், மாற்றிக்கொள்ளலாம். மண்ணை மாற்ற முடியாது. அதன் குணமறிந்து முற்றத்தை அமைத்துக்கொண்டால் தாத்தா பந்து உருட்டவும், பேரப்பிள்ளை ஓடவும், தை முதல் நாளில் பானை பொங்கவும் ஒரே வாசலில் இடமிருக்கும்.