படகுப் பத்திரிகையின் பாராட்டு

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பொழுதுபோக்காகப் பாய்மரப் படகு ஓட்டுகிறவர்களுக்கென்றே மாதப் பத்திரிகைகள் வருகின்றன. 'யாட்டிங் மந்த்லி' 1906-இல் தொடங்கியது. 'பிராக்டிகல் போட் ஓனர்' 1967-இல். நங்கூரம், லைஃப் ஜாக்கெட், பெயின்ட் என்று எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம் என்று அவற்றில் எழுதுவார்கள். பக்கத்தைத் திருப்பினால் அதே பொருளுக்கு முழுப்பக்க விளம்பரம் இருக்கும். அப்படியானால் மதிப்புரையை நம்புவதா?

விளம்பரக் காசு வாங்குகிறவன் உண்மையையா எழுதுவான் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடலாம். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அப்பட்டமான பொய்யை அச்சிட்டால், அந்தப் பொருளோடு கடலுக்குப் போய்வந்த வாசகர்கள் ஆசிரியரைச் சும்மா விடமாட்டார்கள். கோளாறு இருப்பது சொல்லாமல் விடுவதில்.

புதுப் படகைப் பற்றிய மதிப்புரையை எடுத்துக்கொள்ளுங்கள். படகைக் கொடுப்பவர் அதைக் கட்டி விற்கிறவர். அவருடைய ஆளும் கூடவே ஏறிக்கொள்வார். நல்ல வெயில், அளவான காற்று, ஒரு பிற்பகல். பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜியும் சொஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டுக் குடும்பத்தின் குணத்தை எழுதுவது போலத்தான். ஐந்து வருடம் கழித்து ஜன்னலோரம் ஒழுகுமா, என்ஜினுக்குப் பின்னால் இருக்கும் குழாயைக் கைவிட்டுக் கழற்ற முடியுமா என்பதெல்லாம் அன்றைக்குத் தெரியவராது. 'சமையலறை சற்றே கச்சிதமானது' என்று ஒரு வரி வந்தால், உள்ளே இரண்டு பேர் நிற்க முடியாது என்று படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பல பொருட்களை ஒன்றாக வைத்து அளந்து பார்க்கும் சோதனை வேறு ரகம். 2006-இல் 'செய்ல்', 'யாட்டிங் மந்த்லி' ஆகிய பத்திரிகைகள் கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் கடலில் நங்கூரங்களை இழுத்துப் பார்த்தன. நங்கூரம் விற்கும் ஒரு பெரிய கடையும் இதில் பங்கெடுத்தது. கயிற்றில் ஏறும் பாரத்தைக் கருவி வைத்து அளந்தார்கள். 1933-இல் ஜி. ஐ. டெய்லர் என்ற கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் வடிவமைத்த 'சி.க்யூ.ஆர்' நங்கூரம், எத்தனையோ படகுகளின் அணியத்தில் தலைமுறை தலைமுறையாகத் தொங்கியது. அதுவே இந்தச் சோதனையில் மண்ணைச் சரியாகக் கவ்வவில்லை. புது வடிவங்கள் பிடித்து நின்றன. பழைய பெயருக்குத் தலைவணங்காமல் அச்சிட்டார்களே, அங்கேதான் பத்திரிகைக்கு மரியாதை.

ஆனாலும் அந்தச் சோதனை நடந்தது இறுகிய மணல் தரையில். சேற்றிலும் பாறையிலும் புல் மண்டிய இடத்திலும் வரிசை மாறலாம். ஆகவே எது முதலிடம் என்பதைவிட எந்தத் தரையில், எவ்வளவு கயிறு விட்டு இழுத்தார்கள் என்பதே எனக்கு முக்கியம். இதைச் சொல்லாமல் நட்சத்திரம் மட்டும் போடும் மதிப்புரையைப் படிப்பது வீண். பாசியும் கொட்டலசும் ஒட்டாதிருக்க அடிப்பலகையில் பூசும் பெயின்டும் இப்படித்தான்: வெதுவெதுப்பான நீரில் ஜெயித்தது குளிர்ந்த நீரில் தோற்கலாம்.

1974-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'பிராக்டிகல் செய்லர்' விளம்பரமே வாங்குவதில்லை, சந்தாதான் வருமானம். பெயின்ட் பூசிய தகடுகளை மாதக்கணக்கில் கடலில் ஊறப்போட்டுப் பார்க்கும் பொறுமை அதற்கு உண்டு. அந்தப் பொறுமைக்கு ஆகும் செலவை வாசகர்தான் கொடுக்கிறார். ஓசியில் கிடைக்கும் கருத்தைவிட அது மலிவு என்பது என் கணக்கு.

இதைவிடத் துணிச்சலான வேலையை 2011-இல் 'யாட்டிங் மந்த்லி' செய்தது. நாற்பதடிப் பழைய படகு ஒன்றைத் தரைதட்ட வைத்தார்கள், கவிழ்த்தார்கள், பாய்மரத்தை முறித்தார்கள், ஓட்டை போட்டார்கள், தீ வைத்தார்கள். கடைசியில் சமையல் கேஸைக் கசியவிட்டு வெடிக்கவும் வைத்தார்கள். முறிந்த மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகளை எந்தக் கருவி வெட்டும், ஓட்டையை எதைக் கொண்டு அடைக்கலாம் என்பதெல்லாம் அப்போது கண்முன்னே தெரிந்தது.

இன்னொன்று. பத்திரிகை சோதித்தது ஒவ்வொரு வகையிலும் ஒரே ஒரு நங்கூரத்தை. பிறகு தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போகலாம், எஃகு மாறலாம். பெயரும் வடிவமும் மட்டும் அப்படியே இருக்கும். 'சோதனையில் முதலிடம்' என்ற ஒட்டுத்தாளையும் யாரும் கிழிப்பதில்லை. வாங்குகிறவர் அது எந்த வருடத்துச் சோதனை என்று கடைக்காரரைக் கேட்கட்டும். பதில் வரத் தாமதமானால், அடுத்த கடைக்கு நடக்கட்டும்.