கைந்நாட்டும் விலங்கும்



இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வடசென்னைக் கடற்கரை, உழைத்துப் பிழைக்க வந்தோரை வாழவைக்கும் நிலம். ஆயினும், இச்சென்னைக் கடலோரமே ஒரு காலத்தில் மனிதரைச் சரக்கெனக் கப்பலேற்றிய வாயிலாகவும் இருந்தது.

பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834-இல் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கோ ஆள் வேண்டியிருந்தது. அடிமைச் சீட்டின் இடத்தில் ஒப்பந்தச் சீட்டு பிறந்தது. 1860 அக்டோபர் 12-ஆம் நாள் 'ட்ரூரோ' என்னும் கப்பல், 342 பேருடன் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்டது. துறைமுகச் சுவர்கள் எழாத காலம் அது. மசூலாப் படகிலேறி அலைகளைக் கடந்தே கப்பலை அடைய வேண்டும். முதலாண்டுக் கூலி மாதம் 10 ஷில்லிங். வேலையை விட்டு அகன்றால் சிறை.

அன்றும் சட்டம் இல்லாமலில்லை. குடிபெயர்வோரின் காப்பாளர் என்றோர் அதிகாரி இருந்தார். "மனமுவந்து செல்கிறாயா?" என்ற கேள்வியும் இருந்தது. ஆயினும், தலையசைத்துக் கைந்நாட்டு வைத்தவருள் எத்தனை பேர் தாம் எதற்கு இசைந்தோம் என்பதை அறிந்திருப்பர்? 1894-இல் பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி, முதலாளி அடித்து உடைத்த முன்பற்களோடு, குருதி வழியக் காந்தியடிகள்முன் வந்து நின்றார். அடிகள் அவரை வேறொரு முதலாளியிடம் மாற்றிவைத்தார், ஒப்பந்தமோ நீங்கவில்லை. ஒப்பந்த ஆட்சேர்ப்பு முறை முழுவதும் 1917-இல்தான் நிறுத்தப்பட்டது.

நிற்க. அந்தத் தீமை அத்துடன் மறைந்ததா? முன்பணம் என்னும் கயிற்றால் செங்கற் சூளைகளில் குடும்பங்கள் கட்டுண்டதைப் பிற்காலத்திலும் கண்டோம். 2022-இல் வெளிநாட்டு வேலையை நம்பிச் சென்ற தமிழ் இளைஞர்கள், மியன்மரில் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டனர். இவர்களும் தம் விருப்பத்தோடு புறப்பட்டவரே. மீட்புக்குப் பெருந்தடை இதுதான்: "நீயே இசைந்தாயே" என்பான் ஏய்த்தவன்; "பட்ட கடனைத் தீர்ப்பதே முறை" என்று வாய்மூடியிருப்பான் ஏமாந்தவன்.

இவ்விரண்டுக்கும் சட்டம் விடை கூறுகிறது. மனித வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடுக்கிறது. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி கொத்தடிமைக் கடன் செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவோ, ஆட்கடத்தலில் பாதிக்கப்பட்டவரின் இசைவு ஒரு பொருட்டன்று என்கிறது. 1860-இன் கைந்நாட்டுக்கு உரிய மறுமொழி இதுவன்றோ!

ஆனால், சட்டம் தானாக நடந்து சூளைவாயிலுக்குச் செல்லாது. படித்த நீங்களே அதை எடுத்துச் செல்ல வேண்டும். அயல்நாட்டு வேலை தருவதாகக் கூறும் முகவர், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று விசாரியுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தறியாதவருக்குப் படித்துக் காட்டுங்கள். கொத்தடிமையைக் கண்டால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவியுங்கள். துன்புறும் குழந்தையைக் கண்டால் 1098 என்னும் எண்ணை அழையுங்கள். ஒருவர் கைந்நாட்டு வைக்குமுன் நீங்கள் படித்துச் சொல்லும் நான்கு வரி, ஒரு குடும்பத்தின் விடுதலையாகலாம்.