பாங்காக் போற பையில என்ன மாத்திரை?

லீவு சீசன் வந்தாலே நமக்கு அடிக்கடி வர்ற கேள்வி இது: "பாங்காக் போறோம், வயிறு கெட்டுப்போனா போட்டுக்க ஆன்டிபயாட்டிக் வாங்கிட்டுப் போகட்டுமா?" இன்னைக்கு அதைப் பேசிடுவோம்.

வெளிநாடு போனவங்களுக்கு வர்ற வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் பாக்டீரியாதான் காரணம். உலக அளவில் அதிகம் மாட்டுறது ஈ.கோலையில் ஒரு வகை. தாய்லாந்து பக்கம் கேம்பைலோபாக்டரும் நிறைய. சரியா வேகாத கோழிக்கறி மூலமா வரும். "நாம எல்லாத் தண்ணியும் குடிச்சு வளர்ந்தவங்க" என்ற தெம்பு முழுப் பாதுகாப்பு தராது.

பலர் எடுத்துட்டுப் போறது சிப்ரோஃப்ளாக்சசின். தாய்லாந்து கேம்பைலோபாக்டர் பெரும்பாலும் அதுக்கு அடங்குறதே இல்லை.

இன்னொரு பிரச்சினை ஊர் திரும்பின பிறகு. நெதர்லாந்தில் ஒரு ஆய்வு நடந்தது. 2017-ல் லான்செட் குழும இதழில் வெளியானது. சுமார் 2,000 பயணிகளோட மலத்தைப் பயணத்துக்கு முன்னும் பின்னும் சோதிச்சாங்க. முக்கியமான பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத பாக்டீரியா, போகும்போது குடலில் இல்லாதவங்கள்ல சுமார் 34% பேருக்குத் திரும்பும்போது இருந்தது. தெற்காசியா, அதாவது நம்ம பக்கம் வந்து போனவங்கள்ல 75%. பயணத்துல ஆன்டிபயாட்டிக் போட்டவங்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். சிலருக்கு ஒரு வருஷம் கழிச்சும் இருந்தது.

காரணம் எளிது. மாத்திரை குடலில் இருக்கும் சாதாரண பாக்டீரியாவையும் கொல்லுது. காலியான இடத்துல அடங்காதது குடியேறுது. அப்போதைக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. ஆனா பின்னாடி உங்களுக்கோ, வீட்டுல இருக்கிற பாட்டிக்கோ சிறுநீர்த் தொற்று வந்தா, வழக்கமான மருந்து வேலை செய்யாமப் போகலாம்.

அப்போ என்ன செய்யறது? லேசான வயிற்றுப்போக்கு பெரும்பாலும் 3 முதல் 5 நாளில் தானா நின்னுடும். அதுவரை உடம்புல நீர்ச்சத்து குறையாமப் பார்த்துக்கணும். நான் பையில கட்டாயம் வைக்கிறது ஓ.ஆர்.எஸ். பாக்கெட். அது இல்லைன்னா, 1 லிட்டர் சுத்தமான தண்ணியில 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ரெண்டும் தலைதட்டி. சர்க்கரை சேர்ந்தாதான் குடல் உப்பையும் தண்ணியையும் நல்லா உறிஞ்சும்.

மலத்துல ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறையறது, இதுல எது இருந்தாலும் உடனே டாக்டர்கிட்ட போங்க. ரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது, போக்கை நிறுத்துற லோபரமைடு போடாதீங்க. கடுமையான தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக் தேவைப்படும்; எது, எத்தனை நாள்னு, நீங்க போற நாட்டைச் சொல்லி, கிளம்புறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

சாப்பாட்டை ஆவி பறக்கச் சாப்பிடுங்க. ஐஸ்ல கிருமி சாகாது, மறக்காதீங்க. சாப்பிடறதுக்கு முன்னாடி சோப்பு போட்டுக் கை கழுவுங்க. நல்லா சுத்திட்டு வாங்க, அடுத்த எபிசோடுல பார்ப்போம்.