குளிர்காலக் கணக்கு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இம்மேடையில் இலக்கியம் பேசியோர் பலர். சமயம் பேசியோர் பலர். நமக்கு அவ்விரண்டிலும் புலமை இல்லை. பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் பேரேடுகளோடு காலங்கழிக்கும் எழுத்தர் நாம். ஆகவே நமக்குப் பழக்கமான பதிவேட்டைப் பற்றியே பேச முன்வந்தோம். எனினும் அது இரயில்வேப் பதிவேடு அன்று, வானத்தின் பதிவேடு. நம் நாட்டு வானிலை நிலையங்கள் குளிர்கால மாதங்களை எவ்வாறு எழுதி வைக்கின்றன, அவ்வெழுத்தால் விளையும் நன்மை யாது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

நாக்பூரில் ஒவ்வொரு மார்கழியிலும் நம் காலனியில் ஒரு வழக்கு எழுவதுண்டு. "இத்தனை குளிர் எந்த ஆண்டும் இருந்ததில்லை" என்பார் ஒருவர். "நாங்கள் வந்த புதிதில் இருந்த குளிர் இப்போது எங்கே?" என்பார் மற்றொருவர். இருவரும் பொய் சொல்பவர் அல்லர். ஆயினும் உடம்பின் நினைவு ஆண்டுக்கு ஆண்டு மாறுவது. இளமையில் தாங்கிய குளிரை முதுமையில் தாங்க இயலாது; கம்பளி வாங்கிய ஆண்டில் குளிர் குறைந்ததாகவே தோன்றும். எனவே இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்லத்தக்கது நினைவன்று, ஏடே ஆகும்.

நம் முன்னோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர். அவற்றுள் மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது நம் பாட்டிமார் வாக்கு. காசுமீரத்தாரோ டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாளைச் 'சில்லைக் கலான்' என்று தனியே எண்ணி வருகின்றனர். இன்றைய வானிலைத் துறை சனவரி, பிப்ரவரி என்னும் இரண்டு மாதங்களையே குளிர்காலம் என வகுத்துள்ளது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பருவமழைக்குப் பிற்பட்ட காலம் என்பது அதன் கணக்கு. பெயர் எதுவாயினும், காலத்தைக் கவனித்து வைப்பது இந்நாட்டு மக்களின் பழைய பண்பே.

கருவி கொண்டு அளந்து எழுதும் முறை சென்னைக்குப் புதிதன்று. சென்னை வானாய்வுக் கூடம் 1792-இல் அமைந்தது. 1796 முதல் அங்கு வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டன. ஆனால் ஓரூர்க் குறிப்பு நாட்டுக்குப் போதாது என்பதைத் துன்பமே கற்பித்தது. 1864-இல் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. 1866-லும் 1871-லும் பருவமழை பொய்த்தது. அதன்பின் 1875-இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டது. அதற்கு முன் மாகாணத்துக்கு மாகாணம் தனித்தனியே நடந்த பதிவுகள் ஒரே முறையின் கீழ் வரத் தொடங்கின. இன்று சென்னை, மும்பை, கல்கத்தா, தில்லி, நாக்பூர், குவகாத்தி ஆகிய ஆறு இடங்களில் மண்டல மையங்கள் இயங்குகின்றன. அவற்றுள் ஒன்று நம் நகரிலேயே இருப்பது நமக்கெல்லாம் பெருமை.

இனி, ஒரு வானிலை நிலையத்தினுள் சென்று பார்ப்போம். திறந்த வெளியில், நான்கு கால்கள் மேல் வெண்ணிறப் பெட்டியொன்று நிற்கும். அதன் பக்கங்கள் சாய்ந்த பலகைகளால் ஆனவை. காற்று நுழையும், வெயில் நுழையாது. இந்தப் பெட்டியை வகுத்தவர் தாமசு சுடீவன்சன் என்னும் கலங்கரை விளக்கப் பொறியாளர். நம் பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் 'புதையல் தீவு' கதையை எழுதியவர் அவர் மைந்தரே. பெட்டியின் கதவு வடக்கு நோக்கியிருக்கும். திறக்கும்போது வெயில் உள்ளே விழாதிருத்தற் பொருட்டே அவ்வாறு அமைத்தனர். உள்ளே நான்கு வெப்பமானிகள் உண்டு. ஒன்று அப்போதைய வெப்பத்தைக் காட்டும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். அதனால் காற்றின் ஈரம் தெரியவரும். மூன்றாவது அன்றைய மிகுந்த வெப்பத்தையும், நான்காவது குறைந்த வெப்பத்தையும் பிடித்து வைத்திருக்கும். நள்ளிரவிலோ விடியலிலோ குளிர் எத்தனைக் கீழே இறங்கியது என்பதைக் காவலிருந்து பார்க்க வேண்டியதில்லை. சாராயம் நிரம்பிய அக்குழாயிலுள்ள சிறு குச்சி அவ்விடத்திலேயே நின்று சாட்சி சொல்லும்.

காலை எட்டரை மணிக்குக் குறைந்த அளவையும், மாலை ஐந்தரை மணிக்கு மிகுந்த அளவையும் குறிப்பர். முந்திய இருபத்துநான்கு மணி நேர மழையைக் காலை எட்டரைக்கே அளப்பர். நாடெங்கும் ஒரே நேரம், ஒரே வகைப் பெட்டி, ஒரே முறை. இந்த ஒருமை இல்லையேல் ஓரூர்க் குளிரை மற்றோரூர்க் குளிரோடு ஒப்பிட வழியில்லை. இந்நாளில் தானே அளந்து தானே செய்தி அனுப்பும் கருவிகளும் பல இடங்களில் நிறுவப்பட்டுள்ளன. எனினும் பழைய பதிவோடு புதிய பதிவு பொருந்துகிறதா என்று சரிபார்க்கும் கடமை மனிதனை விட்டு நீங்கவில்லை.

மாதம் முடிந்ததும் கணக்கு முடிக்க வேண்டும். சனவரியின் முப்பத்தொரு நாள் அளவுகளையும் கூட்டி முப்பத்தொன்றால் வகுத்தால் மாதச் சராசரி கிடைக்கும். அச்சராசரியை முப்பதாண்டுச் சராசரியோடு ஒப்பிடுவர். அதற்கு 'இயல்பு நிலை' என்று பெயர். இப்போது 1991 முதல் 2020 வரையுள்ள ஆண்டுகளைக் கொண்டு இயல்பைக் கணக்கிடுகின்றனர். சமவெளியில் ஓரூரின் குறைந்த வெப்பம் 10 டிகிரியோ அதற்குக் கீழோ சென்று, இயல்பைவிட 4.5 டிகிரியேனும் தாழ்ந்தால் அது 'குளிர் அலை' எனப்படும். நம் நாக்பூரில் 2018 டிசம்பர் 29-ஆம் நாள் 3.5 டிகிரி பதிவாகியதை நம்மில் பலர் உடம்பே மறந்திராது.

எழுத்தர் என்ற முறையில் நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றுண்டு. ஓரூரில் இருபத்தெட்டு நாள் 12 டிகிரியும், மூன்று நாள் 4 டிகிரியும் இருந்ததாகக் கொள்வோம். மாதச் சராசரி ஏறக்குறைய 11.2. அக்கடுங்குளிர் நாள் மூன்றிலும் குறிப்பெடுப்பவர் போர்வையை விட்டு எழவில்லையாயின், எஞ்சிய நாள்களின் சராசரி 12 ஆகிவிடும். பிழை 0.8 டிகிரி. இது சிறிதன்றோ என்று எண்ணலாம். இந்தியாவின் ஆண்டுச் சராசரி வெப்பம் கடந்த நூறாண்டுகளில் உயர்ந்திருப்பதே ஏறத்தாழ 0.6 முதல் 0.7 டிகிரிதான். ஆக, மூன்று வெற்றுக் கட்டங்கள் ஒரு நூற்றாண்டின் மாறுதலையே மறைக்க வல்லவை. காணாததை ஊகத்தால் நிரப்புவதோ அதனினும் தீது. வெற்றிடம் 'தெரியாது' என்று உண்மை பேசும். ஊகம் உண்மைபோல் நடிக்கும்.

இரவுக் குளிரை மட்டும் எழுதினாலும் போதாது. தில்லி சப்தர்சங்கு நிலையத்தில் 1935 சனவரி 16-இல் சுழிக்குக் கீழ் 0.6 டிகிரியும், 2006 சனவரி 8-இல் சுழிக்கு மேல் 0.2 டிகிரியும் பதிவாயின. இவை இரவுக் குளிர். 2019 டிசம்பர் 30-ஆம் நாளோ பகலிலேயே வெப்பம் 9.4 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. 1901-க்குப் பின் அந்நகரம் கண்ட டிசம்பர்ப் பகல்களுள் அதுவே மிகக் குளிர்ந்தது. இரண்டு அளவும் ஏட்டில் இருந்தமையால்தான் இவ்விருவகைக் குளிரையும் பிரித்தறிய முடிந்தது.

குளிர் நாடெங்கும் ஒருபடித்தாய் இருப்பதில்லை. மத்தியதரைக் கடற்பக்கம் எழும் காற்றுச் சுழற்சிகள் ஈரான், ஆப்கானித்தானம் கடந்து வந்து இமயச் சரிவுகளில் பனியையும் பஞ்சாபில் மழையையும் பொழிகின்றன. அம்மழையே கோதுமைக்கு உயிர். அவை கடந்தபின் வீசும் வாடையே நம் விதர்ப்பம் வரை வந்து நடுக்குகிறது. கங்கைச் சமவெளியில் காற்று அசையாத தெளிந்த இரவுகளில் நிலம் வெப்பத்தை இழக்க, அதனைத் தொட்ட ஈரக்காற்று மூடுபனியாகிறது. தமிழகத்தில் உதகையில் புல்மேல் உறைபனி படியும். அன்று பெட்டியினுள் வெப்பமானி சுழிக்கு மேலே காட்டுவதும் உண்டு. தரையை ஒட்டிய காற்று மேலேயுள்ளதைவிடக் குளிர்வதே இதன் காரணம். இதற்கெனப் புல்லின்மேல் கிடத்தும் வெப்பமானியும் உண்டு.

நம் இரயில்வேக் குடும்பங்களுக்கு இவை வெறுஞ்செய்தி அல்ல. குளிரில் தண்டவாளம் சுருங்கும். பற்றவைத்த இடங்களில் விரிசல் காணும். அதனால்தான் குளிர்கால இரவுகளில் கேங்மேன் தோழர்கள் விளக்கேந்திப் பாதை நெடுகிலும் நடந்து பார்க்கின்றனர். மூடுபனியில் 180 மீட்டர்த் தொலைவிலுள்ள குறி கண்ணுக்குப் புலப்படவில்லையாயின், சிக்னலுக்கு முன்பாகத் தண்டவாளத்தில் பட்டாசு வைத்து ஓட்டுநரை எச்சரிப்பது நெடுநாளைய வழக்கம். இந்நாளில் என்ஜினிலேயே மூடுபனிக் காப்புக் கருவியும் வைக்கின்றனர். எந்த மாதத்தில், எந்தப் பகுதியில் எத்தனை ஆட்களை இரவுக் காவலுக்கு விடுவது என்னும் முடிவின் பின்னே வானிலைப் பதிவு நிற்கிறது. அப்பதிவு பிழைத்தால் ஓர் உயிர் பிழைக்காமல் போகலாம்.

உழவர்க்கும் அவ்வாறே. 2022 மார்ச்சு மாதம் 1901-க்குப் பின் கண்ட மார்ச்சுகளிலெல்லாம் வெப்பம் மிகுந்தது. பால் பிடிக்கும் பருவத்தில் கோதுமை வாடியது. அவ்வாண்டு மே மாதம் அரசு கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது. குளிர் முன்னதாகவே விலகுவதும் ஒரு செய்தியே என்பதை இது காட்டும். 1901 முதல் விடாமல் எழுதி வந்த ஏடு இல்லையேல், அது புதுமை என்று யார் துணிந்து சொல்லியிருக்க முடியும்?

இப்பதிவேடுகளை ஆண்ட பெரியார் இருவரை நினைவுகூர்வது நம் கடன். 1904 முதல் 1924 வரை துறைத் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர் ஒரு கணித மேதை. உலகின் பல நிலையப் பதிவுகளைத் திரட்டி, இந்திய எழுத்தர்களைக் கொண்டு கையாலேயே கணக்கிடச் செய்து, பெருங்கடல்களின் மேல் காற்றழுத்தம் ஊசலாடும் முறையைக் கண்டார். அவரே 1913-இல் சென்னை வந்தபோது, துறைமுகக் கழகத்தில் எழுத்தராயிருந்த இராமானுசனின் கணக்குகளைப் பார்த்து, அவருக்கு உதவித்தொகை அளிக்குமாறு பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். மற்றவர் அன்னா மணி அம்மையார். 1918-இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1948-இல் புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த கருவிகளை இந்நாட்டிலேயே செய்யும்படி ஏறத்தாழ நூறு கருவிகளுக்கு வரைபடம் வகுத்துத் தந்தார்.

அன்பர்களே! இவ்விருவர் பெயரும் நிலைத்தன. ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளாகப் பெட்டியைத் திறந்து, கண்டதைக் கண்டபடி எழுதி, மூடிச் சென்றோர் பெயர் எந்நூலிலும் இல்லை. அவர்கள் எழுதிய எண்களே அவர்களுக்குக் கல்வெட்டு.

நம் பிள்ளைகளுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இதுவே. வரும் குளிர்காலத்தில் ஒரு வெப்பமானியும் ஒரு நோட்டுப் புத்தகமும் கொள்ளுங்கள். வெயில் படாத ஓரிடத்தைத் தெரிந்து, இடத்தையும் நேரத்தையும் மாற்றாது நாள்தோறும் எழுதுங்கள். தவறிய நாளைத் தவறியதாகவே விடுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் நம் காலனி வழக்குக்கு நீங்களே தீர்ப்பு வழங்கலாம். முதியோராகிய நாம் தலைவணங்கி ஏற்போம்.