மறைந்த சிவகாசித் தொகுதி: கரிசல் காட்டுக்கு ஒரு பாடம்

(கோவில்பட்டி ஊழியர் வகுப்பில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



இல்லாமல் போன ஒரு பார்லிமெண்டுத் தொகுதியின் சரித்திரத்தை இப்பொழுது ஏன் பேச வேண்டும்? தொகுதி என்பது தேசப்படத்தில் போட்ட கோடுதானே என்று சிலர் கேட்கலாம். கோடுதான். ஆனால் அந்தக் கோடு யாரை யாருடன் சேர்க்கிறது, யாரை யாரிடமிருந்து பிரிக்கிறது? விஷயம் அங்கேதான் இருக்கிறது.

1967 தேர்தலில் சிவகாசித் தொகுதி பிறந்தது. 1962ல் நமது ராஜ்யத்துக்கு லோக் சபையில் 41 இடங்கள் இருந்தன. ஜனத்தொகைக் கணக்குப்படி கோடுகளைத் திருத்தி, 1967ல் அதை 39 ஆக்கினார்கள். அதாவது, நமக்கு இரண்டு இடங்களைப் பறித்த அதே திருத்தத்தில் இந்தத் தொகுதி உண்டாயிற்று. இதை மறக்கக் கூடாது.

முதலில் ஸ்வதந்திரா கட்சி வென்றது. 1971லும் 1977லும் காங்கிரஸ் சார்பில் வி. ஜெயலட்சுமி வென்றார். 1980ல் தமிழ்நாடு முழுவதிலும் அண்ணா தி.மு.க.வுக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள்; கோபிச்செட்டிப்பாளையம் ஒன்று, சிவகாசி மற்றொன்று. 1996ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. அழகிரிசாமி டெல்லிக்குச் சென்றார். 1998லும் 1999லும் வைகோ வென்றார். 2002ல் பொடா சட்டத்தில் அவரைச் சிறை வைத்தபோது, இந்தத் தொகுதியின் பிரதிநிதியைத்தான் சிறை வைத்தார்கள். 2004ல் அ. ரவிச்சந்திரன் வென்றார். அத்துடன் சரித்திரம் முடிந்தது.

சட்டசபைக்குக் கோவில்பட்டி மக்கள் சோ. அழகர்சாமியை 1967, 1971, 1977, 1980, 1989 என ஐந்து தடவை அனுப்பினார்கள் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

இந்தத் தொகுதியைச் சேர்த்துக் கட்டியது எது? கரிசல் மண், வானம் பார்த்த விவசாயம், தீப்பெட்டி. மழை பொய்த்தால் பருத்தியும் கம்பும் கருகும். அப்பொழுது கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் நமது பெண்கள்தான் உலை வைத்தார்கள். ஜில்லா எல்லை குறுக்கே ஓடியது; கோவில்பட்டியும் விளாத்திகுளமும் ஒரு ஜில்லா, சாத்தூரும் சிவகாசியும் வேறு ஜில்லா. ஆனால் தொழில் ஒன்று, கூலிப் பிரச்னை ஒன்று, எம்.பி.யும் ஒருவர்.

2001 ஜனத்தொகைக் கணக்கை வைத்துத் தொகுதிகளைத் திரும்ப வரைந்தார்கள். 2008ல் உத்தரவு அமலுக்கு வந்தது. 2009 தேர்தலில் கோவில்பட்டியும் விளாத்திகுளமும் தூத்துக்குடித் தொகுதிக்குப் போயின. சாத்தூரும் சிவகாசியும் விருதுநகர்த் தொகுதிக்குப் போயின. திருமங்கலமும் திருப்பரங்குன்றமும் அவற்றுடன் சேர்ந்தன.

இதில் நன்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஜில்லாவும் தொகுதியும் ஒன்றானால் மனுக் கொடுப்பது சுலபம். உப்பளத் தொழிலாளியும் தீப்பெட்டித் தொழிலாளியும் ஒரே மேடைக்கு வருவதும் நல்லதே. ஆனால் தீப்பெட்டித் தொழிலுக்கென்று டெல்லியில் ஒரே குரலாகப் பேசும் இடம் போய்விட்டது. அந்தத் தொழிலின் தலைவிதியோ டெல்லியில்தான் எழுதப்படுகிறது. 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்களின் இறக்குமதியை 2023ல் தடுத்தது மத்திய சர்க்கார்தான்!

நாட்டுப்புறத் தொகுதிகள் மறைவது இங்கே மட்டும் நடப்பதல்ல. ஆஸ்திரேலியாவில் 1901 முதல் இருந்த, தமிழ்நாட்டைப் போலப் பல மடங்கு பரப்புள்ள கல்கூர்லி தொகுதியையும் 2010ல் கலைத்தார்கள். தலைகளை எண்ணினால், ஜனம் குறைந்த வறண்ட பூமி தோற்கும்.

ஜனத்தொகையைக் கட்டுப்படுத்திய ராஜ்யங்கள் இடங்களை இழக்கக் கூடாது என்றுதான் 1976ல் 42ஆவது திருத்தம் இடங்களின் எண்ணிக்கையை நிறுத்தி வைத்தது. 2001ல் 84ஆவது திருத்தம், 2026க்குப் பிந்திய முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டித்தது. 41ஐ 39 ஆக்கிய கணக்கு திரும்பவும் வரலாம் என்பதே இதன் பொருள்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? எல்லை உத்தரவு வந்த பிறகு கோர்ட்டுக்குப் போய் அதை மாற்றுவது எளிதல்ல. அரசமைப்பின் 329ஆவது விதி வழியை மறிக்கிறது. 2002 சட்டப்படி கமிஷன் நகலை வெளியிட்டு ஆட்சேபம் கேட்டாக வேண்டியிருந்தது. அத்தகைய நாள்தான் நமது நாள். கிராமம் கிராமமாகத் தேசப்படத்தை விரித்து வைத்து விளக்குவோம். தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் கையெழுத்து வாங்குவோம்.

கோட்டை அவர்கள் எங்கே போட்டாலும், கோவில்பட்டித் தொழிலாளியும் சிவகாசித் தொழிலாளியும் ஒரே சங்கத்தில் நிற்கட்டும். அந்த ஒற்றுமையை வெட்ட எந்தக் கமிஷனுக்கும் அதிகாரம் கிடையாது!