தமிழால் கணினி தாமதமாகிறதா? செயற்றிறனை அளத்தல் பற்றிச் சில கருத்துகள்



தமிழ் எழுத்துகளைக் கணினியில் எவ்வாறு குறியேற்றுவது என்பதை, 1997ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு கூடிய காலம்தொட்டு நாம் விவாதித்து வருகிறோம். தமிழைக் கையாளும் மென்பொருள் எவ்வளவு விரைவாக இயங்குகிறது, தாமதமானால் காரணம் யாது என்னும் வினாவை அந்த அளவிற்கு நாம் எழுப்பியதில்லை. “தமிழ் எழுத்து சிக்கலானது, தாமதம் இருக்கத்தான் செய்யும்” என்பதை விடையாக ஏற்றுக்கொண்டு விடுகிறோம். அந்த விடையை ஏற்றால், தமிழ்ப் பிழைதிருத்தி வேண்டாம் என்று ஒதுக்குவதும் நியாயமாகிவிடும். ஆகவே அதை அளந்து பார்ப்போம்.

இணையத்தில் பெரிதும் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் 1 பைட்டு. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு. ‘தமிழ்’ என்னும் சொல்லில் நம் கணக்கில் மூன்று எழுத்துகள். கணினியின் கணக்கில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள், ஆக 15 பைட்டு. அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 5 பைட்டு. இங்கே இலக்கணம் கற்றவர்களுக்கு ஒரு வேடிக்கை உண்டு. மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று நாம் படித்தோம். கணினி நினைவகத்திலோ ‘க’ 3 பைட்டு. புள்ளி பெற்று ஒலி குறைந்த ‘க்’ 6 பைட்டு. நெடிலாகிய ‘கா’வும் அதே 6 பைட்டு. எந்த அலகால் அளக்கிறோம் என்பதைச் சொல்லாமல் அளவைச் சொல்வதில் பொருளில்லை.

எழுத்தின் சுமை, ஆக, ஏறத்தாழ மூன்று மடங்கு. இதனை மறுப்பதற்கில்லை.

இனிப் பிழைதிருத்திக்கு வருவோம். சொற்பட்டியலில் 1,00,000 சொற்கள் உள்ளன என்று கொள்வோம். நிரல் எழுதியவர் ஒவ்வொரு சொல்லையும் பட்டியலின் முதலிலிருந்து வரிசையாகத் தேடும்படி எழுதியிருந்தால், சராசரியாக 50,000 ஒப்பீடுகள் தேவை. ஆயிரம் சொற்கள் கொண்ட கட்டுரைக்கு 50 மில்லியன் ஒப்பீடுகள். நாம் அகராதியில் அவ்வாறு தேடுவதில்லை. நடுவில் பிரிக்கிறோம், முன்னோ பின்னோ என்று பார்த்து மீண்டும் பாதியாக்குகிறோம். அகர வரிசையில் உள்ள பட்டியலில் இப்படித் தேடினால் 17 ஒப்பீடுகளுக்குள் முடிந்துவிடும். முழுக் கட்டுரைக்கும் 17,000 போதும். இரண்டு முறைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 2,900 மடங்கு. எழுத்தால் வந்தது மூன்று மடங்கு. தேடும் முறையால் வந்தது 2,900 மடங்கு. பழியை மட்டும் எழுத்தின்மேல் சுமத்துகிறோம்.

ஊகித்துப் பழி சுமத்தும் இப்பழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. டொனால்டு கனூத் 1971இல் ஃபோர்ட்ரான் நிரல்களை ஆராய்ந்து, நிரலின் 4 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியே பொதுவாக இயங்கும் நேரத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது என்று கண்டார். அப்பகுதி எதுவென்று காட்டுவதற்கே புரொஃபைலர் என்னும் கருவிகள் உள்ளன. அவற்றை இயக்காமல் திருத்தத் தொடங்கினால் உழைப்பு வீணாகும். ஒரு வேலைக்குப் பத்து நொடி ஆகிறது. அதில் எழுத்தைத் திரையில் வரைய இரண்டு நொடி என்று கொள்வோம். வரையும் நேரத்தை முற்றாக ஒழித்தாலும் எட்டு நொடி எஞ்சும். ஜீன் ஆம்தால் 1967இல் கூறிய கருத்தின் சாரம் இதுவே.

அளப்பதிலும் ஒழுங்கு வேண்டும். முதல்முறை இயக்கும்போது கோப்பு வட்டிலிருந்து வருகிறது. மறுமுறை நினைவகத்திலிருந்தே கிடைத்துவிடுகிறது. இரண்டையும் ஒப்பிட்டு “விரைவாக்கிவிட்டோம்” என்பது தவறு. பலமுறை இயக்கி நடுமதிப்பைக் கொள்ளுதல் நலம்.

விரைவுக்காகச் சரியானதைப் பறிகொடுக்கவும் கூடாது. ‘கொ’ என்னும் எழுத்தை ஒருங்குறியில் ககரத்துடன் ஒரே ஒகரக் குறி சேர்த்தும் எழுதலாம். எகரக் குறி, கால் என்று இரண்டாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, பைட்டுகள் வேறு. இரண்டும் ஒன்றே என்று ஒருங்குறித் தரம் வரையறுத்துள்ளது. இவற்றை ஒருவடிவமாக்கும் படியை நேரம் கருதி நீக்கினால், மாணவி சரியாக எழுதிய ‘கொடி’யின் அடியிலும் சிவப்புக் கோடு விழும். அப்படியை நீக்க வேண்டியதில்லை. பட்டியலை முன்கூட்டியே ஒருமுறை, உள்ளிடும் சொல்லை ஒருமுறை ஒருவடிவமாக்கினால் போதும். ஒவ்வோர் ஒப்பீட்டிலும் செய்வதுதான் வீண்செலவு.

தமிழுக்கு உண்மையாகவே பாதகமான இடமும் ஒன்று உண்டு. அதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இன்றைய மொழி மாதிரிகள் உரையைத் துண்டுகளாக்கியே படிக்கின்றன. ஆங்கில உரையை மையமாக வைத்து அமைத்த துண்டாக்கிகளில் ஓர் ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒரே துண்டாக நிற்க, தமிழ்ச் சொல் பல துண்டுகளாகச் சிதறுகிறது. துண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் சேவையில் அதே செய்திக்குத் தமிழில் கூடுதல் பணம், கூடுதல் நேரம். இதற்கும் எழுத்து காரணமன்று. துண்டாக்கியைப் பழக்கியபோது தமிழ் உரை போதிய அளவில் இல்லாமையே காரணம். பள்ளிக்கோ மன்றத்திற்கோ இத்தகைய சேவையை வாங்க முனைவோர், ஒரே பத்தியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொடுத்து, எத்தனை துண்டுகள், எத்தனை நொடிகள் என்று எழுதித் தரும்படி விற்பனையாளரிடம் கேட்கலாம். பத்தியைத் தேர்ந்து கொடுக்கும் வேலையை நம் தமிழாசிரியர்களே செய்யட்டும்.