மலை மணலும் கடற்கரையும்



மாரவிலவில் கடல் கரையை அரிக்கின்றதென்றால், தலவாக்கலையில் வாழும் நமக்கென்ன என்று சிலர் எண்ணக்கூடும். அன்பர்களே, அக்கரையின் மணலிற் பெரும்பகுதி மலை தேய்ந்து, ஆறு சுமந்து சென்றதேயாகும். சிவனொளிபாத மலைச்சாரலில் தோன்றும் களனி கங்கை, கொழும்புக்கு வடக்கே கடலோடு கலந்து, நீர்கொழும்புப் பக்கத்துக் கரைகளுக்கு மணலூட்டுகின்றது. அட்டன் பக்கத்துக் காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் அம்மணலை மறிக்கின்றன. எஞ்சியதைக் கட்டட வேலைக்காக ஆற்றிலேயே அள்ளிவிடுகின்றனர். மணல் வரவு குன்றிய கரையைக் கடல் உண்ணுகின்றது.

வள்ளம் ஏற்றவும் கரைவலை இழுக்கவும் இடமின்றி மீனவர் வருந்துகின்றனர். வீடுகளும் தென்னைகளும் அலைக்கு இரையாகின்றன. 1981ஆம் ஆண்டு கரையோரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கருங்கல் அணைகளும் இடப்பட்டன. ஆயினும், ஓரிடத்து அணை மணலைப் பிடித்து நிறுத்த, அப்பாலுள்ள கரை மேலும் தேய்கின்றது.

மண்சரிவுக்கு அஞ்சி, கொட்டும் மழையில் பிள்ளைகளோடு லயத்தை விட்டு வெளியேறியவர்கள் நம்மிடையே உண்டு. காலடி மண் நழுவும் துயரை நாமறிவோம். ஆகவே, கோயிலுக்கோ வீட்டுக்கோ மணல் வாங்கும்போது, அனுமதிப்பத்திரத்துடன் அள்ளியதா என்று கேட்போமாக. அக்கேள்வியே கரைவாழ் சகோதரருக்கு நாம் செய்யும் முதல் தொண்டு எனக் கூறி அமைகின்றேன்.